விடுதிக்காரரின் காயங்கள்

விருந்து மண்டபத்தில் கிக்பாக்சிங் தொடங்கிய நாளிலிருந்து, விடுதியில் தங்கியிருப்பவர் யார் உதை வாங்கினாலும் வலியும் வீக்கமும் விடுதிக்காரரின் உடம்பில்தான் வந்தன. உதை வாங்கியவர் தலையைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த உதைக்கு நிற்பார். கீழே வரவேற்பு மேசையில் அறை வாடகை சொல்லிக்கொண்டிருக்கும் விடுதிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் சார், காலைச் சாப்பாடும் இதுலயே சேர்த்திதான்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முதலில் தெருவே கூடிப் பேசியது. பிறகு, மழைக்காலத்தில் லிஃப்ட் நின்றுபோவதைப் போல அதுவும் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் விழித்தால், பெட்டி தூக்குகிறவர், "ஒண்ணுமில்லீங்க, மேல பயிற்சி நடக்குது" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

நாட்டில் கிக்பாக்சிங் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாத காலம் அது. அதைத் தேசிய விளையாட்டாக்கியே தீருவேன் என்று விடுதிக்காரர் கிளம்பியபோது, வயது ஏற ஏற மனிதருக்குப் புத்தி இறங்குகிறது என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவர் மண்டபத்தின் சரவிளக்குகளைக் கழற்றினார். கிழிந்த தலையணைகளையும் பழைய படுக்கை விரிப்புகளையும் திணித்து உதை மூட்டைகள் தைத்தார். விடுதியின் மேல்மாடியில் தங்கி வேலை செய்தவர்களே முதல் வீரர்கள். பரிமாறுகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு உதைக்குப் பிறகும் "மன்னிக்கணும் சார்" என்றார்கள். அதை மறக்கடிக்கவே ஒரு வருடம் பிடித்தது. வாரம் ஒரு ஊர் என்று பஸ் ஏறிப் போய்ச் சங்கம் ஆரம்பித்தார். கொஞ்ச காலம் நாட்டின் பாதி அணிகள் அந்த விடுதியின் ஜன்னல் திரையைத்தான் கால்சட்டையாகப் போட்டிருந்தன.

அவர் மனைவிக்கு அந்த வருடங்கள் முழுக்க நிம்மதியே இல்லை. சாவிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதும்போதும் அவள் காது மேலே மண்டபத்தில்தான் இருக்கும். தொம்மென்று சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டுக் கணவரைப் பார்ப்பாள். தொடையிலா, தோளிலா? தலையில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேனாவை மறுபடி எடுப்பாள். அவருடைய முதுகுக்குத் தைலம் தடவித் தடவி, எந்தக் காயம் யாருடைய உதை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். டாக்டராக இருந்த அவள் அண்ணன் ஒருநாள் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, உள்ளுக்குள்ள ஏற்கெனவே பலவீனமா இருக்கு. பலமா ஒரு தலையடி விழுந்தா அவ்வளவுதான்" என்றார். விடுதிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "என் கூரைக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு வலிக்காம இருக்கே, அது போதும் மச்சான்" என்றார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தைலப் புட்டியைத் திருகி மூடினாள்.

இதிலே இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கீகாரம் கொடுக்க வேண்டிய விளையாட்டுக் கவுன்சில்காரர்கள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். உதை விழுகிறது, விழுந்தவர் முகம் சுளிக்கவில்லை, ஒரு கன்றிப்போன தடம் கூட இல்லை. இது விளையாட்டு இல்லை, நாடகம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வலியே தெரியாமல் வளர்ந்த அந்த வீரர்கள், கையை உயர்த்தி முகத்தை மறைக்க வேண்டும் என்பதையே கற்றுக்கொள்ளவில்லை. கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் பார்க்கிறோம், அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. எதிரணியாக, நாட்டிலேயே பலமான துறைமுக நகரத்து அணி வந்தது. "அவங்களையாவது வேற விடுதியில தங்க வைங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள். விடுதிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "விருந்தாளிய அடுத்தவன் வாசலுக்கு அனுப்பறதா? என்னம்மா பேசற நீ?" கடற்காற்று வரும் பெரிய அறைகளை அவர்களுக்குக் கொடுத்தார். ஆக, இரண்டு பக்கத்து அடியும் அவருக்கே என்று ஆனது.

அந்த வாரத்தில்தான் சலவைக்காரி, சம்பளத்தைப் பற்றி எழுந்த ஏதோ சண்டையில் தன் அறைச் சாவியை மேசைமேல் விட்டெறிந்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். எல்லோரும் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதியின் முதல் வீராங்கனை அவள்தான். கோபம் தணிந்து திரும்பியபோது அவள் உதடு வீங்கியிருந்தது. அக்கா வீட்டுப் பக்கத்துத் திடலில் யாரோடோ உதைத்துப் பயிற்சி செய்து பார்த்தாளாம். "வலிக்குதுக்கா, இப்படியா வலிக்கும்?" என்று விடுதிக்காரரின் மனைவியிடம் ஆச்சரியப்பட்டாள். விடுதிக்காரர் உதட்டில் கீறல் கூட இல்லை. மனைவி தலையைத் தூக்கிச் சாவிப் பலகையைப் பார்த்தாள்; இஸ்திரி விட்டெறிந்துபோன சாவி அங்கே தொங்கியது. சாவி கையில் இருக்கிறவர்களின் அடிதான் அவருக்கு வருகிறதோ என்று அன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் எல்லாருடைய சாவியையும் அவரே கொண்டுபோய்க் கையில் திணித்துவிட்டு வருவார்.

ஆட்டத்தன்று காலை, பூட்டுகளுக்கு எண்ணெய் போட ஆள் வருகிறது, சாவிகள் எல்லாம் பலகைக்கு வந்தாக வேண்டும் என்று மாடி மாடியாகச் சொல்லி அனுப்பினாள். துறைமுகத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். வேலைக்காரர்களும் கொடுத்தார்கள். மண்டபத்தில் மணியடிக்கும் நேரத்தில் பலகையை ஒருமுறை பார்த்தாள். ஒரு கொக்கி காலியாக இருந்தது. இஸ்திரியின் கொக்கி.

மனைவி படியேறி ஓடியபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. கவுன்சில்காரர்களுக்குப் பக்கத்தில் விடுதிக்காரர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துப் பெண்ணின் கால் இஸ்திரியின் விலாவில் இறங்கியது. விடுதிக்காரர் மடங்கி நிமிர்ந்தார். அடுத்தது தோள். அடுத்தது கன்னத்தை உரசிப் போக, அவர் மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. இஸ்திரி வழக்கம்போல் கைகளைத் தொங்கவிட்டு, முகத்தை வாசலில் வைத்த பானை மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். துறைமுகத்துப் பெண் பின்வாங்கித் தூரம் பார்த்தாள். அடுத்த உதை தலைக்குத்தான் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

"ஏய் இஸ்திரி! சாவியக் குடுடி!" என்று கத்தினாள் விடுதிக்காரரின் மனைவி.

"இப்பவாக்கா?"

"இப்பவேதான்! பூட்டுக்காரன் கெளம்பறான்!"

மண்டபம் சிரித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி விடுதிக்காரரின் மனைவியைத் திட்ட ஆரம்பித்தார். இஸ்திரி காலுறைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் கயிற்றுக்கு வெளியே நீட்டினாள். "போதுமா? மானத்த வாங்கறியேக்கா." மனைவி படியிறங்கி ஓடினாள். சாவியைக் கொக்கியில் மாட்டும்போது அது ஒருமுறை தரையில் விழுந்தது. மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே தொம்மென்று சத்தம் கேட்டது. அதையடுத்து, அந்த மண்டபத்தில் இதுவரை யாரும் கேட்டிராத ஒன்று கேட்டது.

"ஐயோ அம்மா!"

இஸ்திரியின் குரல்தான். எழுந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே முகத்துக்கு முன்னால் ஏறின. கவுன்சில்காரர் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். இஸ்திரி தோற்றாள், ஆனால் நொண்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, துறைமுகத்துப் பெண்ணையும் நொண்ட வைத்துவிட்டுத் தோற்றாள். விடுதிக்காரர் தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கவுன்சில்காரர் கை கொடுக்க வந்தபோது அவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "அந்தப் பொண்ணுக்கு வலிக்குது, பாருங்க, அவளுக்கு வலிக்குது" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அதன்பின் மூன்று மாதம் மனைவியோடு அவர் பேசவில்லை. அவள் பொருட்படுத்தவில்லை. பேசாவிட்டாலும் ஆள் இருந்தார்.

இன்று கிக்பாக்சிங் தேசிய விளையாட்டு. வளையத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு வீரரும் ஒரு சாவியை நடுவரின் மேசையில் வைக்க வேண்டும் என்பது விதி. எதற்கென்று கேட்டால் நடுவர்களுக்கே தெரியாது. சங்கத்தின் பதிவு முகவரி அந்த விடுதிதான் என்பதால், நாட்டின் எல்லா வீரர்களும் ஒருவகையில் அங்கே தங்கியிருப்பவர்களே. தைலம், சோப்போடும் துண்டோடும் சேர்ந்து மாதச் சரக்கில் வந்துவிடுகிறது. எப்போதாவது, வரவேற்பு மேசையில் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போது விடுதிக்காரரின் தலை வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பும். "மன்னிக்கணும் சார், இடது பக்கம் ரெண்டாவது கதவு" என்று அவர் முடிப்பார். மனைவி கணக்கிலிருந்து தலையைத் தூக்குவாள்.

"எங்கேயோ ஒருத்தர் சாவி வைக்க மறந்துட்டாங்க" என்பாள். ஐஸ் எடுக்கப் போவாள்.