கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்

கோட்டைத் தாண்டினால் முடிந்தது. விபின் தாண்டவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவின் ஸ்லோ சைக்கிள் பந்தயத்தில் அவனோடு கிளம்பியவர்களில் பாதிப்பேர் வழியிலேயே காலை ஊன்றி அவுட் ஆகிவிட்டார்கள். மீதிப்பேர் பொறுமை கெட்டு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தப் பந்தயத்தில் கடைசியாக வருகிறவன்தானே ஜெயித்தவன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலின் மேல் பரிசுக்கான எவர்சில்வர் குடம் காத்திருந்தது. முன்சக்கரத்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அந்த இடத்தில் ஹேண்டில்பாரை இடப்பக்கம் லேசாகத் திருப்பி, இரண்டு பெடலிலும் எழுந்து நின்று, அப்படியே நின்றுவிட்டான்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்தவன் கொஞ்சம் கெத்துக் காட்டுகிறான், காட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தார்கள்.

"லேய் விபினு, குடம் ஒனக்குத்தான் மக்கா. தாண்டி வா. அடுத்தது வடம் இழுப்பு கெடக்கு," என்றான் மைக்கில் ஜெரிஷ். உதயதாரகை கழகத்தின் செயலாளர் அவன். கரை வேட்டியும், சட்டையில் ரோஜாப்பூ மாதிரி மடித்த ரிப்பன் பேட்ஜுமாக மேடையில் நின்றான்.

விபின் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர்கள் அதை ரோட்டோரம் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்கள்.

இந்த ஜெரிஷும் விபினும் யார் என்று இன்றைக்கு ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் கருங்கல் வட்டாரத்தில் சைக்கிள் வைத்திருந்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். டிரயல்ஸ் என்ற விளையாட்டை இந்தப் பக்கம் ஓட்டிக் காட்டியவர்களே இவர்கள்தான். தரையில் கால் படாமல், முன்னால் எது இருந்தாலும் சைக்கிளோடு ஏறி இறங்க வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான். ஆரம்பத்தில் கடற்கரைப் பாறைகளில்தான் ஓட்டினார்கள். சீட்டே இல்லாத சைக்கிளில் ஆட்டுக்குட்டி போலப் பாறைக்குப் பாறை சாடுவார்கள். பார்ப்பதற்கு மீன் வாங்க வந்தவர்களும் நாலு காக்கையும் இருக்கும். ஒருநாள் ஜெரிஷ் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். எந்த நாட்டுக்காரனோ, சீட் வைத்த குட்டிச் சைக்கிளில் ஊருக்கு நடுவே படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், பெஞ்ச் என்று தண்ணீர் ஓடுவதுபோல ஓட்டிக்கொண்டு போனான். ஸ்ட்ரீட் ஸ்டைல் என்று பெயராம். "பாறையில சாடினா எவம்லே பாப்பான்? ரோட்டுக்கு வா," என்றான் ஜெரிஷ். விபினுக்குப் பாறைதான் இஷ்டம். ஆனால் ஜெரிஷ் கூப்பிட்டால் வேறு பேச்சு ஏது?

பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமே! கலுங்குப் பாலத்துச் சுவர், பஸ் ஸ்டாப் திண்டு, மார்க்கெட் படி, ரேஷன் கடைத் திட்டு, எதையும் விடவில்லை. ஒருவன் சாடும்போது இன்னொருவன் பக்கத்தில் நின்று "இப்ப!" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலில்தான் சக்கரம் எழும்பும். ஓணம், கிறிஸ்மஸ், காலேஜ் கல்ச்சுரல்ஸ், கல்யாண ரிசப்ஷன் வரைக்கும் கூப்பிட்டார்கள். "சீட் வச்ச சைக்கிள்ல டிரயல்ஸா?" என்று பழித்த பாறைக்காரன்களெல்லாம் மூச்சுக் காட்டாமல் சீட் மாட்டினார்கள். இரணியலிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பையன்கள் வந்தார்கள். வந்த வேகத்திலேயே போகவும் செய்தார்கள். கொஞ்சம் பேர் துபாய்க்குப் போனார்கள், கொஞ்சம் பேர் மோட்டார் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிப் போலீசில் மாட்டினார்கள். ஜெரிஷ் கல்யாணம் கட்டி மொபைல் கடை போட்டான், தொப்பையும் போட்டான். போன மாதம் கேரளத்துக்காரன்கள் நடத்திய டிரயல்ஸ் போட்டியை வேடிக்கை பார்க்க விபின் போயிருந்தான். எல்லாம் பழையபடி பாறை. சீட் இல்லாத சைக்கிள்கள். ஒரு பொடியன் விபினின் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரீட்டா? அதெல்லாம் பழசாயிட்டே அண்ணே," என்றான். பாவி, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

விபினால் விட முடியவில்லை. பேக்கரி வேன் ஓட்டுகிறான். விடிந்தால் பன்னும் ரஸ்க்குமாகக் கடை கடையாக இறக்க வேண்டும். ஆனாலும் கண் கடையிலா நிற்கிறது? புதிதாக ஒரு காம்பவுண்டுச் சுவர் கட்டியிருந்தால் அதன் மேல்விளிம்பு சக்கரத்துக்குப் போதுமா என்று பார்க்கும். ஒரு படிக்கட்டைப் பார்த்தால் கால் தானாகக் கிளட்சைப் பெடல் மாதிரி அழுத்தும். சாயங்காலம் வீட்டுப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே, அடுக்கி வைத்த செங்கலில் ஏறி இறங்குவான். பார்க்க ஆள் கிடையாது, "இப்ப!" என்று சொல்லவும் ஆள் கிடையாது. அவனுக்கென்று மிச்சமிருந்தது பொங்கல் ராத்திரி கழக மேடைக்கு முன்னால் ஒரு கால்மணி நேரம். அது போன வருஷம் அஞ்சு நிமிஷம் ஆனது. இந்த வருஷம் நோட்டீசில் பெயரே இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஜவுளிக்கடை விளம்பரம்தான் இருந்தது. அவனுடைய நேரத்தில் டிஜே என்று போட்டிருந்தார்கள்.

"கூட்டாளிதானே, கேட்டா என்ன? வாய்ல கொழுக்கட்டையா இருக்கு?" என்று அவன் மனைவி அஸ்வதி கேட்டாள்.

"அவனாத் தரணும்."

"பின்ன இருந்து பாத்துக்கிட்டே இருங்க."

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோதுகூட இப்படி நிற்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சைக்கிளை நாலு பேர் முன்னால் ஒருதரம் வெளியே எடுக்கலாம் என்றுதான் வந்தான். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், இதைத் தாண்டினால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்று தோன்றியது. அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கப்போவதில்லை என்றும் தோன்றியது. கால் அதுவாக அமர்ந்துவிட்டது.

ஜெரிஷ் மேடையை விட்டு இறங்கி அம்பயரிடம் போனான். அம்பயர் நாராயணபெருமாள், ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இந்த ஊர்ப் பொங்கல் விளையாட்டில் அவர் கழுத்தில் தொங்கும் விசிலுக்கு மேல் சட்டம் கிடையாது. முன்னொரு தரம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்காகச் சித்தப்பன் பெரியப்பன் மக்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போனதிலிருந்து அவர் ஒரு விதி வைத்திருந்தார். கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை பந்தயம் முடியாது, அதுவரை எவனும் வண்டியைத் தொடக் கூடாது. தாண்டவே மாட்டேன் என்று ஒருவன் நிற்பான் என்று அந்த மனிதர் கண்டாரா?

"மாமா, விசில ஊதி முடிச்சு வையுங்க."

"எப்பிடிடே ஊதுவேன்? காலை ஊனினானா? இல்ல. வரிசைய விட்டு வெலகினானா? இல்ல. தாண்டினானா? அதும் இல்ல. பந்தயம் நடக்குது."

"எங்க மாமா நடக்குது? நிக்குது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு, கரும்பு விற்கிற இடத்தில் நின்றவர்களும் வந்தார்கள். பெண்கள் கோலப்போட்டியை விட்டுவிட்டு வந்தார்கள். போன்கள் எழுந்தன. "என்ன பண்ணுகான்?" என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். "ஒண்ணும் பண்ணல்ல," என்று முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

கோயில் பக்கமாக ரோடு லேசாக ஏறும். அது விபினுக்குத் தோதாக இருந்தது. சக்கரம் பின்னால் நழுவும்போது பெடலை ஒரு பொட்டு அழுத்துவான், முன்னால் வரும்போது விடுவான். பார்க்கிறவனுக்குச் சைக்கிள் அசையாத மாதிரி இருக்கும், ஆனால் அவனுக்குள் ஒரு நொடி சும்மா இல்லை. தொடை கனத்தபோது இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சக்கரங்களை மெல்ல எழுப்பி அதே இடத்தில் வைத்தான். டப் என்று டயர் சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஒரு பயலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "சாடு அண்ணே! குடத்துக்கு மேல ஒரு சாட்டம் சாடு!" என்று கத்தினான். எல்லோரும் கூடவே கத்தினார்கள். குடம் என்ன, ஸ்டூலோடு சாடிக் காட்டியிருப்பான். எத்தனை நாள் ஏங்கிய சத்தம் அது! ஆனால் சாடினால் கை தட்டுவார்கள், தட்டிவிட்டு வடம் இழுக்கப் போய்விடுவார்கள். அவன் சாடவில்லை.

ஜெரிஷ் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"என்னலே வேணும் ஒனக்கு? எல்லாவனும் பாக்குகான்."

"பாக்கட்டு."

"ராத்திரி டிஜேக்கு முன்ன அஞ்சு நிமிசம் தாறேன். கமிட்டிக்கிட்ட நான் பேசிக்கிடுகேன். போருமா?"

இதைத்தான் விபின் இந்த ஒரு மாதமாக வேண்டியது. கைக்கு வந்ததும் அந்த அஞ்சு நிமிஷத்தை நினைத்துப் பார்த்தான். போன வருஷத்து அஞ்சு நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஸ்பீக்கர் பெட்டி இறங்கிய பக்கம் எல்லோரும் திரும்பி நின்றார்கள், அவன் அத்தனை முதுகுகளுக்கு முன்னால் தனியாகச் சாடிக்கொண்டிருந்தான். ஜெரிஷும் அந்தப் பெட்டியின் ஒயரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அது தனக்கு எவ்வளவு வலித்தது என்பது இப்போதுதான் விபினுக்கே தெரிந்தது.

"அஞ்சு நிமிசம் வேண்டாம். நீ ஏறு."

"எதுல?"

"சைக்கிள்ல. எனக்க பக்கத்துல வந்து நில்லு. நான் தாண்டுகேன்."

"ஒனக்கு கிறுக்கு வல்லதும் பிடிச்சா? எனக்க வயித்தப் பாத்தியா? செயலாளருலே நான்!"

"பாறையில கெடந்தவன ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நீதானேடே," என்றான் விபின். "கூட்டிட்டு வந்து, நடுவழியில விட்டுட்டுப் போயிட்ட. ஒரு வார்த்த சொல்லிட்டாவது போயிருக்கலாம்."

ஜெரிஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போய்விட்டான். போனவன் மேடைக்கும் போகவில்லை.

விபினின் வலது தொடை ஆடத் தொடங்கியது. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்க முடியாது. அஸ்வதி தண்ணீர்க் குப்பியோடு வந்தாள். நாராயணபெருமாள் விசிலை வாயருகே கொண்டுபோனார்.

"வண்டியத் தொடப்படாது!"

"வண்டிய ஆரு தொட்டா மாமா? எனக்க வீட்டுக்காரரத்தானே தொடுகேன்," என்று அவள் சொன்னதும் மறுபடியும் சிரிப்பு. அண்ணாந்த அவன் வாயில் தண்ணீரை விட்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இறங்கச் சொல்லிக் கெஞ்சுவாள் என்று அவன் நினைத்தான்.

"காலு நடுங்குது அஸ்வதி."

"நடுங்கட்டு," என்றாள் தாழ்ந்த குரலில். "ஊனிராதிய."

வெயில் தென்னந்தலைக்குக் கீழே இறங்கிவிட்டது. வடக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஆணி அடிச்சு வச்சிருக்கானோ?" என்று எவனோ சொன்னதற்குப் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியிருந்தது. ஒரு மனுஷன் விழாமல் நிற்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருபக்கம் சாய்ந்தால் கூட்டமும் லேசாகச் சாய்ந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

"எனக்க சைக்கிளு! செயின் லூசு, மெல்ல கொண்டு போங்க அண்ணே!" என்று கத்தியது பூங்கனி. பெண்பிள்ளைகள் ஸ்லோ சைக்கிளில் முதல் ஆளாய் அவுட் ஆனவள் அவள். முன்னால் ரோஸ் கலர்க் கூடை மாட்டிய அவளுடைய லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜெரிஷ் வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விபினுக்கு அடுத்த வரிசையில், அதே ஒரு முழம் விட்டு, சைக்கிளை நிறுத்தி ஏறினான். ஏறின வேகத்தில் இடது கால் தரையில் பட்டது.

நாராயணபெருமாளின் விசில் பழக்கதோஷத்தில் ஊதிவிட்டது. "அவுட்!"

"நான் போட்டியிலயே இல்ல மாமா!"

இரண்டாம் தரமும் கால் பட்டது. கூடை குலுங்கி, உள்ளே கிடந்த பூங்கனியின் துப்பட்டா எட்டிப் பார்த்தது. எவனோ கூவினான். ஜெரிஷ் செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்தான். கழுத்து நரம்பு புடைக்க, முன்சக்கரத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பினான்.

"இப்ப," என்றான் விபின், தலையைத் திருப்பாமல்.

ஜெரிஷின் இரண்டு காலும் பெடலில் ஏறின. சைக்கிள் பின்னால் நழுவியது, முன்னால் வந்தது, செயின் கறக்கென்றது, நின்றது. தொப்பைக்கு மேலே செயலாளர் பேட்ஜ் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. மேடையில் யாரோ டிஜே பெட்டியைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் அந்தப் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"நின்னாச்சுல்லியா," என்றான் ஜெரிஷ், பல்லைக் கடித்துக்கொண்டு. "தாண்டித் தொலைலே."

"கொஞ்சம் நில்லுடே," என்றான் விபின்.

நாராயணபெருமாள் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு சைக்கிள்களும் ஒரே பக்கமாய்ச் சக்கரத்தைத் திருப்பி நின்றன. தடித்த டயர் ஒன்றும், ரோஸ் கலர்க் கூடை ஒன்றும். கீழே ரோட்டில் நீளமாய் விழுந்திருந்த இரண்டு நிழல்கள் மட்டும் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன.