பஞ்சாரத்துக்குள் நாலு மணி

கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தின் ஆபீஸ் கடிகாரம் ஓடியது மொத்தமே பதினோரு மாதம். அது நின்ற பிறகு ஆறு வருஷம் தோட்டத்தில் மணி தவறாமல் அடித்தது. நின்றுபோன விஷயம் ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் அர்த்தனாரிக்கு மட்டும்தான் தெரியும். குறைந்தபட்சம், அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அர்த்தனாரி சேந்தமங்கலத்துக்காரர். கோட்டு போட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார். தோட்டக் கம்பெனி அனுப்பிய கடிகாரம் வந்தபோதும் கோட்டு போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சேதமானால் ரைட்டர் வேலையை விட்டுப் போகவேண்டியது என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு ஆள் அதைத் தலையில் வைத்து, செங்குத்துப் பாதையில் ஒரு பகல் முழுக்க ஏறிக் கொண்டுவந்தான். அலுங்காமல் வந்து சேர்ந்தது.

கெடுத்தது ரைட்டர்தான். ஆபீஸில் எலித் தொல்லை. காப்பிக்கு வைத்திருக்கும் வெல்லத்தை உறியில் கட்டினாலும் தின்றன, பெட்டிக்குள் வைத்தாலும் ஓட்டை போட்டுத் தின்றன. எலி ஏற முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சுவரில் உயரத்தில் கண்ணாடிக் கதவோடு தொங்கிய கடிகாரம். பெண்டுலத்துக்குக் கீழே வெல்லத்துக்கு அளந்து செய்தது போல ஓர் இடம். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு அங்கே வைத்தார். எலி ஏறவில்லை. எறும்பு ஏறியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெல்லப்பாகும் செத்த எறும்பும் சக்கரங்களில் அப்பிக்கொண்டு, பதினொன்றே காலில் முள் நின்றுவிட்டது.

இதைக் கம்பெனிக்கு எப்படி எழுதுவது? எழுதினால் வேலை போகும். வேலை போனால் மச்சானின் எண்ணெய்க் கடையில் போய் நிற்கவேண்டும். இங்கே நாற்பது பெண்கள் அவரைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். அங்கே மச்சான், கடைக்கு வந்தவர்கள் முன்னால், டேய் என்று கூப்பிடுவார். அர்த்தனாரி கடிகாரக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னலுக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னாயியின் வீடு. அவளும் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவள்தான். வாசலில் மூன்று அந்திமந்தாரைச் செடி வைத்திருந்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், இன்னொன்று எந்த நிறம் என்று தனக்கே முடிவு தெரியாமல் இரண்டையும் தெளித்துக்கொண்டு பூக்கிற செடி. சந்தைக்கு வந்த ஒரு தரகன் மிளகில் கலப்பதற்காக வைத்திருந்த விதையில் ஒரு பிடி அவள் அள்ளிவந்து போட்டது. பார்த்தால் அசல் மிளகு மாதிரியே இருக்கும் விதை. கலப்படத்துக்குப் பிறந்த செடி என்றாலும் நேர்மையான செடி. சாயங்காலம் நாலு மணிக்குச் சரியாக மொட்டை அவிழ்க்கும்.

ரைட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் எதிர்ப்பாறையில் வெயில் பட்டால் ஏழு. சாயங்காலம் பொன்னாயி வீட்டில் பூ விரிந்தால் நாலு. பூவைப் பார்ப்பார், வாசலுக்கு வருவார், தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிப்பார். மூட்டம் போட்ட நாளில் பூ முன்னதாகவே விரிந்துவிடும். அன்றைக்குத் தோட்டத்துக்கு நாலு மணி சீக்கிரம் வரும். பெண்கள் அதைப் பற்றிப் புகார் செய்ததாகத் தகவல் இல்லை.

பெண்களுக்கு நாலு மணிதான் முக்கியம். அதிலிருந்து இருட்டும் வரைதான் அவர்களுக்கென்று இருக்கிற பொழுது. மேட்டில் அவரவர் ராகிக் காடு இருக்கிறது. களை எடுப்பதும் காவல் காப்பதும் அறுப்பதும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான். அதை விட்டால் அடுத்த வருஷம் முழுக்கக் களிக்கு மாவு கிடையாது.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்த சமயம். நாட்டில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும்படி சர்க்கார் உத்தரவு போட்டது. கம்பெனி அதை நகல் எடுத்து மலைக்கு அனுப்பியது. நேற்று வரை மூன்று மணியாக இருந்தது இனிமேல் நாலு மணி. அர்த்தனாரி கோட்டை மாட்டிக்கொண்டு, உத்தரவுப்படி கடிகாரம் தள்ளி வைக்கப்பட்டது என்று பதில் எழுதினார். முள்ளைப் பன்னிரண்டே காலுக்குத் தள்ளியும் வைத்தார். அந்த மட்டில் பொய் சொல்லவில்லை.

காலை மணிக்குச் சிரமம் இல்லை. பாறையில் வெயில் படும்வரை காத்திராமல் சேவல் கூவியதும் அடித்தார். பெண்கள் இருட்டில் தடவிக்கொண்டு வந்தார்கள். ஒரு மணி முன்னால் வந்தவர்களை ஒரு மணி முன்னால் அனுப்புவதுதானே நியாயம். ஆனால் பூவுக்கு யார் உத்தரவு போடுவது? மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வேலியோரம் போய், பொன்னாயியிடம் பூவைப் பற்றிப் பொதுவாக விசாரிப்பது போல ஆரம்பித்தார். பூ நல்ல பூ என்றார். மண் எப்படி, உரம் எப்படி என்று கேட்டார். சீக்கிரம் விரிய வைக்க வழி உண்டா என்பதை எட்டாவது கேள்வியாகக் கேட்டார்.

பொன்னாயி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“கெடியாரம் நின்னுபோனது எனக்குத் தெரியுமுங்க சாமி. மூத்த புள்ளை பெத்து ஒரு மாசம் ஊட்டுல கெடந்தப்பப் பாத்தேன். பூ விரிஞ்சாத்தான் உங்க தலை சன்னல்ல இருந்து நவுருது.”

அர்த்தனாரிக்கு வியர்த்துவிட்டது. ஆறு வருஷ ரகசியத்தை ஒரு பெண் மடியில் கட்டி வைத்துக்கொண்டு, தினமும் எதிரில் வந்து சாமி என்று கும்பிட்டுப் போயிருக்கிறாள்.

வழி இருப்பதாகவும் அவளே சொன்னாள். ஒருநாள் கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடையைத் தெரியாமல் செடிமேல் கவிழ்த்து, மேலே சாக்கும் போட்டுவிட்டாளாம். எடுத்துப் பார்த்தால் உச்சிவெயில் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே எல்லாப் பூவும் விரிந்திருந்ததாம். உள்ளே இருட்டினால் பூ அந்தியென்று நம்பிவிடுகிறது. மத்தியானம் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க வரும்போது கவிழ்த்துவிட்டுப் போகிறேன், நீங்கள் வந்து திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அன்று முதல் தோட்டத்தின் ரைட்டர், கோட்டோடு, ஒரு பெண்பிள்ளை வாசலில் குந்தி உட்கார்ந்து, பஞ்சாரத்தைத் தூக்கி மணி பார்த்தார். சர்க்காரின் புது நேரம் மலையில் பிசகில்லாமல் நடந்தது.

கார்த்திகையில் பழம் சிவந்தது. அப்போது சேலத்திலிருந்து மேனேஜர் மாதேஸ்வரன் டோலியில் வந்தார். நாலு பேர் சுமந்து வந்ததில் அவருக்கு மிகவும் களைப்பு. கையில் புதுக் கடிகாரம் கட்டியிருந்தார். நிமிஷத்துக்கு ஒருதரம் அதைப் பார்த்தார், பிறர் பார்க்கிறார்களா என்றும் பார்த்தார். சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை. அர்த்தனாரி குலதெய்வத்துக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார்.

பகல் சாப்பாடு முடித்து மேனேஜர் ஜன்னலருகே நின்று பல் குத்தினார். கீழே மூன்று பஞ்சாரம். மேலே சாக்கு. வெகுநேரம் பார்த்தும் ஒரு கோழியும் கொக்கரிக்கவில்லை. கம்பெனியின் பழம் அங்கே பதுங்கியிருக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இறங்கிப் போய், டோலிக்காரர்களிடம் பஞ்சாரங்களைத் தூக்கிப் போடச் சொன்னார். உள்ளே மூன்று செடி. ஒரு செடியைப் பிடுங்கி வேரடியிலும் பார்த்தார். கிழங்கு மட்டும் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

மிச்சம் இரண்டு செடியும் நல்ல வெயிலில் நின்றன. மொட்டு அசையவில்லை.

மேனேஜரின் கையில் நாலு மணியானது. அர்த்தனாரிக்கு அது தெரியாது; கேட்கவும் தைரியமில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலரை. பெண்கள் பழம் பறித்தபடியே ஆபீஸ் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் தன் கையையும் ரைட்டரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்து மணிக்குப் பூ விரிந்தது. அர்த்தனாரி ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தார்.

திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றவரை மேனேஜர் தோளில் தட்டினார்.

“யுத்த காலத்துல ஒரு மணி நேரம் கூடுதலா வேலை வாங்கறே. யாரும் சொல்லாம, நீயாவே. கம்பெனிக்கு எழுதறேன்.”

எழுதினார். காலை மணி புது நேரப்படி, மாலை மணி ரைட்டர் காட்டிய நல்ல வழியில் இன்னும் ஒரு மணி கூட்டி ஆறுக்கு என்று உத்தரவு வந்தது. நேரம் தவறாத ரைட்டருக்குக் கம்பெனியின் வெகுமதியும் வந்தது. இரண்டு ஆள் தூக்கி வந்த பெரிய கடிகாரம். இது சும்மா ஓடுகிற கடிகாரம் இல்லை. மணிக்கு மணி அடிக்கும். அடித்தால் ராகிக் காடு வரை கேட்கும். பழையதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு அதே ஆணியில் மாட்டினார்கள்.

இனிமேல் அர்த்தனாரிக்குப் பயம் இல்லை. பூ வேண்டாம், பஞ்சாரம் வேண்டாம், ஒரு பெண்ணின் தயவு வேண்டாம். மனிதர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஆறு அடித்துப் பெண்கள் புறப்படும்போது மலையில் வெளிச்சம் கரைய ஆரம்பித்துவிடும். யாரும் அவரைத் திட்டவில்லை. சாமி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

எட்டாம் நாள் பொன்னாயி ஜன்னலடியில் வந்து நின்றாள். கையில் ஒரு ராகித் தாள். பாதிக் கதிர் கடிபட்டு, மீதி உதிர்ந்திருந்தது.

“இருட்டுல வாரோம், இருட்டுல போறோமுங்க. எங்க ராகிய நாங்க அறுக்கல. பன்னிதான் அறுக்குது.”

தன் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் கடிகாரத்தின் கையில் இருக்கிறது என்று அர்த்தனாரி சொன்னார். அவள் அந்தத் தாளை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொன்ன பதில் அவருக்கே வெட்கமாக இருந்தது. அவர் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு வருஷத்தில் ஒருதரம் அவள் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால், இந்நேரம் மச்சான் கடையில் எண்ணெய் அளந்துகொண்டிருப்பார். அது அவருக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் காப்பி போட வெல்லத்தை உடைத்தார். ஒரு கட்டியைக் காப்பியில் போட்டார். இன்னொரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, புதுக் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பெண்டுலத்துக்குக் கீழே இதிலும் இடம் இருந்தது. எறும்புக்கு ஒரு மழைக்காலம் வரை அவகாசம் கொடுக்க ராகிக்கு நேரமில்லை. எனவே கொஞ்சம் வெல்லத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துச் சக்கரங்களில் தாராளமாகவே ஊற்றினார். கடிகாரம் இரண்டு அடி அடித்தது. மூன்றாவதை விழுங்கிக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம் வேலியோரம் போய், பஞ்சாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பொன்னாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டுக் கையில் வெல்லப்பாகு ஒட்டியிருந்தது. பஞ்சாரத்தை எடுத்துவந்து கவிழ்த்தாள்.

தை மாதம் சேலத்திலிருந்து கடிதம் வந்தது: வெகுமதிக் கடிகாரம் எப்படி இருக்கிறது, சரியாக நேரம் காட்டுகிறதா? அர்த்தனாரி கோட்டு போட்டுக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தார். கடிகாரத்தால் தோட்டத்தில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஜை மேல் ஒரு படி புது ராகி மாவு, பொன்னாயி கொண்டுவந்து வைத்தது. அதை எலிக்கு எட்டாமல் எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடிகாரத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாலு மணி ஆகிவிட்டதா என்று பார்க்கக் கீழே இறங்கினார்.