வரைகிறவளுக்கும் சீட்டு

"சந்திரமோகன் சார்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா பொண்டாட்டிக்கு சிபாரிசுன்னு ஆபீஸே கலாய்க்கும். நானே கேட்டுக்கிறேன்."

"எப்போ? நமக்குப் புள்ள பொறந்து ஞானஸ்நானம் குடுக்குறப்பவா? ஞாயித்துக்கிழமையானா லேப்டாப்போட குடும்பம் நடத்திக்கினு கீற. பழவேற்காட்டுக்குப் போலாம்னு கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது, ஞாபகம் கீதா, இல்லியா?"

காலையில் பொன்னேரியில் ரயில் ஏறும்போது கணவன் சாம்சன் கேட்டது, கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் கூட்ட அறையிலும் ஷைனியின் காதை விடவில்லை.

ஆலைத் தொழிலாளர்கள் கைபேசியில் பயன்படுத்தும் செயலியை இந்தக் குழுதான் செய்கிறது. சாம்சனும் சுமலதாவும் அதற்கான கணினி நிரலை, அவர்கள் பேச்சில் 'கோடு', எழுதுகிறவர்கள். திரைகளை வடிவமைப்பவள் ஷைனி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி வேலைகளை எடை போடுவார்கள். கோடு எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு எண் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒன்றாகத் திருப்ப வேண்டும். எண் பெரிதானால் வேலை கனம். அதை வைத்துத்தான் எவ்வளவு வேலை எடுப்பதென்று முடிவாகும்.

ஷைனிக்குச் சீட்டு கிடையாது. குழு தொடங்கியபோது வடிவமைக்க ஆள் இல்லை. அவள் பின்னால் வந்தாள், வழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கணக்கில் ஏறாத அவள் வேலை ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

இன்றைய வேலை, உலையருகே ஆபத்தென்றால் கைபேசித் திரையில் அழுத்துகிற அபாயமணி பட்டன். சீட்டுகள் திரும்பின. சுமலதா இரண்டு. சாம்சனும் இரண்டு!

ஷைனி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அவசரமாகத் தண்ணீர் குடித்தான்.

"ஒரே பட்டன்தானே. ஷைனி, புதன்கிழமைக்குள்ள வரைஞ்சி குடுத்துடும்மா" என்றார் குழுத் தலைவர் சந்திரமோகன்.

வழக்கமாக 'சரி சார்' என்பவள் இன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முடியாது சார். உலைகிட்ட போய் நிக்கணும். அங்க வேலை செய்ற குப்புராஜ் அண்ணனைக் கையுறையோட அழுத்தச் சொல்லிப் பாக்கணும். புகையில தெரியணும், தெரியாம கை பட்டா அலறக் கூடாது. என் கணக்குல இது எட்டு."

"ஒரு வட்டம் போட எட்டாக்கா?" சுமலதா சிரித்தாள். "இன்னா, மார்கழிக் கோலமா போடப் போறீங்க?"

ஷைனியும் சிரித்துவிட்டாள். "போன தபா லீவு கேக்குற பக்கத்துக்கும் நீ ரெண்டுதான் போட்ட. கையுறை விரலுக்குப் பட்டன் சிக்கவே இல்ல. முழுக்கத் திருப்பி எழுதினது யாரு?"

"அய்யோ, நான்தான்" என்று சுமலதா தன் சீட்டை மெல்லக் கவிழ்த்தாள்.

சந்திரமோகன் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

எத்தனையோ கூட்டங்களில் தொண்டைவரை வந்து திரும்பிப் போன பேச்சு அது. இன்று திரும்பவில்லை.

"எனக்கும் ஒரு கட்டு சீட்டு குடுங்க சார். என் வேலையையும் எடை போட்டுட்டு, அப்புறமா திட்டம் போடுங்க."