குதிரைகள் தண்ணீருக்கு வரும் நேரம்

ஊர்காவற்றுறையிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்படும் யாழ்ப்பாணம் பஸ்ஸை இருபத்தாறு வருடமாக ஓட்டுபவர் குலசிங்கம். கையைக் காட்டிக்கொண்டு ஓடிவருவது சொந்த மாமனாராகவே இருந்தாலும் நேரமென்றால் நேரம்தான், பஸ் போய்விடும். மாமனார் சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வேறு கதை.

அப்படிப்பட்ட மனுசன், பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வந்த மூன்று நாள் லீவில் மனைவியை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டதைக் கண்டு ஊரே மூக்கில் விரல் வைத்தது. காரணம் இலட்சுமிப்பிள்ளையின் கண். கண்ணில் பிரஷர் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வந்தது. இந்த வருடத்துக்கு மேல் பார்வை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். “அதுக்குள்ளை நெடுந்தீவுக் காட்டுக்குதிரையளை ஒருக்காப் பாக்கவேணும்,” என்றாள் அவள். கலியாணம் கட்டிய முப்பது வருடத்தில் அவள் கேட்ட முதல் பயணம் அது.

சனிக்கிழமை நயினாதீவு அம்மனைக் கும்பிட்டார்கள். ஞாயிறு காலை குறிகட்டுவானில் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டுப் படகேறி நெடுந்தீவில் இறங்கினார்கள். றொபேட் என்பவரின் ஓட்டோ கல்வேலிகளுக்கு நடுவே ஓடியது. சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை. பவளக்கல்லை வெறுமனே அடுக்கிய வேலிகள். பிறகு வேலிகளும் முடிந்தன. ஆவணி வெயிலில் புல் காய்ந்து, மரமும் வீடும் இல்லாமல் வெட்டவெளி கடல்வரை கிடந்தது. இவ்வளவு வானத்தைக் குலசிங்கம் ஒரேயடியாகப் பார்த்ததில்லை.

குதிரை மட்டும் ஒன்றுமில்லை.

“வெயில் தாழத்தான் குதிரையள் தண்ணிக்கு வருங்கள் அண்ணை. அஞ்சு மணியாகும்,” என்றார் றொபேட்.

கடைசிப் படகு மூன்றுக்கு. அதை விட்டால் திங்கள் ஐந்தரை பஸ்ஸுக்கு ஆளில்லை. இலட்சுமிப்பிள்ளை முகத்தில் ஒன்றையும் காட்டாமல், “பரவாயில்லை, வெளிக்கிடுவம்,” என்று ஓட்டோவில் ஏறிவிட்டாள். அந்தப் ‘பரவாயில்லை’ அவரைச் சுட்டது. எத்தனை பேரை ரோட்டில் விட்டுவிட்டுப் போனவர்! இவளையுமா? போனை எடுத்து டிப்போவுக்கு அடித்தார்.

“தம்பி, நாளைக்கு என்னாலை வர ஏலாது. வேறை ஆளைப் போடுங்கோ.”

அந்தப் பக்கம் இருந்தவன் நம்பாமல் இரண்டு தரம் கேட்டான். இரவு தங்க றொபேட் தன் வீட்டில் இடம் தருவதாகச் சொன்னார்.

“இறங்கும்,” என்றார் குலசிங்கம் மனைவியிடம். “குதிரையைப் பாத்திட்டுத்தான் போறம்.”

வெயில் மஞ்சளித்தபோது தூரத்தில் புழுதி எழும்பியது. காலடியில் நிலம் அதிர்ந்தது. கபிலம், கறுப்பு, வெள்ளைப்புள்ளி என்று, கடிவாளமே அறியாத குதிரைகள் பிடரி பறக்க ஓடிவந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பரந்து நின்றன. அவருக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

“ஒம்பது!” என்று கூவினாள் இலட்சுமிப்பிள்ளை. “ஒம்பது குதிரை அப்பா!”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வெளி நிறையக் குதிரைகள். அவளுக்கு நேரே நின்றவை மட்டும்தான் தெரிந்தன. பார்வை இவ்வளவு சுருங்கிவிட்டதென்று அவள் அவரிடம் சொல்லவேயில்லை. பின்னால் போய் நின்று, அவளின் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல ஒரு பக்கம் திருப்பினார்.

“இஞ்சாலையும் பாரும்.”

“ஐயோ… பத்து, பதினொண்டு, குட்டியோடை பதின்மூண்டு…”

அவள் எண்ணி ஓயும்வரை காத்து நின்று, இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு இன்னும் கொஞ்சம்.

“முப்பத்தெட்டு,” என்றாள் கடைசியில், கண்ணீரைத் துடைக்கவும் மறந்து. “இன்னொருக்கா முதலிலை இருந்து எண்ணுவமே?”

முதல் குதிரை நின்ற பக்கத்துக்கு அவளைத் திருப்பிவிட்டார் அவர்.