சனி ஞாயிறில் நின்றுபோன மெஷின்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் சமையலறையில் ஐந்து பேர் இருந்தோம். என் தம்பி மகன் ரமேஷ்குமார், அவன் மனைவி இளவரசி, வீட்டு வேலைக்கு வரும் சுஷ்மா, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் ஜெகன், தாயம்மாளாகிய நான். முப்பத்து நான்கு வருடம் அமைச்சகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். வந்திருந்தவர்கள் பெயரை முதலில் எழுதாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஜோதிலிங்கம் இறந்த பிறகு இந்தக் குடும்பத்தில் மூத்தவள் நான்தான். விருதுநகரில் எங்கள் அப்பா ரயில்வே குட்ஸ் ஆபீஸில் கிளார்க். சம்பளம் சிறிது, பெயர் பெரிது. அவர் வீட்டில் குடி என்ற சொல்லைக்கூட யாரும் உரக்கச் சொன்னதில்லை.

டில்லி கிட்வாய் நகர் புது அடுக்குமாடியில் ரமேஷுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அந்தப் பெரிய ஃப்ரிட்ஜை வாங்கினான். அதற்குள்ளேயே ஐஸ் செய்யும் மெஷின் இருக்கிறது. தண்ணீர்க் குழாயை நேராக அதில் இணைத்திருக்கிறார்கள். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் கடகடவென்று கட்டிகளைப் பெட்டியில் கொட்டும். முதலில் அந்தச் சத்தம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு சனிக்கிழமைச் சாயங்காலங்களில் ரமேஷின் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் வர ஆரம்பித்தார்கள். பால்கனியில் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். பாட்டிலை நான் பார்த்ததில்லை. கண்ணாடி டம்ளரில் ஐஸ் விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பக்கத்து பால்கனிக்கு நான்கடி தூரம். நான் கேட்டதைப் பக்கத்து வீட்டாரும் கேட்டிருப்பார்கள்.

ரமேஷிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பதில் சொல்லுவான். அந்தப் பதில் பிறகு வீட்டுக்குள்ளேயே கிடக்கும். அதனால் கேட்கவில்லை.

ஏப்ரலில் சர்வீஸுக்கு வந்தபோது ஜெகன்தான் ஐஸ் பெட்டிக்கு மேலே இருந்த ஒரு கம்பியைக் காட்டினான். இங்கே மோதி பாகில் பிறந்து வளர்ந்த தமிழன், பேச்சில் இந்தி கலக்கும், நாற்பது வயதிருக்கும். டில்லித் தண்ணீரின் உப்பு வால்வில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் கழுவிவிட்டு, "அத்தே, இந்தக் கம்பி இருக்குல்ல, மத்லப், பெட்டி நிறைஞ்சா ஐஸே இதை மேல தள்ளிடும். மெஷின் பந்த். ஊருக்குப் போறப்ப நீங்களே தூக்கி வெச்சிடலாம்" என்றான். இளவரசி போனில் இருந்தாள். ரமேஷ் ஆபீஸில் இருந்தான். கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கம்பியைத் தூக்கிவைத்தேன். திங்கள் காலையில், மற்றவர்கள் எழுவதற்கு முன்னால், இறக்கிவிட்டேன். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஐஸை என்ன செய்வது? சுஷ்மா தினமும் போகும்போது ஒரு எவர்சில்வர் பால் கேனில் கொஞ்சம் ஐஸ் எடுத்துப் போவாள். சரோஜினி நகர் ரயில் பாதை ஓரம் அவள் வீடு. தகரக் கூரை, ஃப்ரிட்ஜ் கிடையாது, ஜூன் வெயில். இளவரசிதான் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான், "முழுசும் எடுத்துக்கோ" என்று இந்தியில் சொல்வேன். அவள் கேன் நிறைய அள்ளிக்கொண்டு, "பூவாஜிக்கு மனசு பெரிசு" என்று சிரிப்பாள். பூவாஜி என்றால் அத்தை. அந்தச் சிரிப்பை நானும் வாங்கிக்கொண்டேன்.

சனி ஞாயிறில் ஐஸ் விழுவதில்லை என்று ரமேஷ் கூப்பிட்டதில் ஜெகன் இரண்டு முறை வந்தான். இரண்டும் வேலை நாட்கள். மெஷின் ஒழுங்காக ஓடியது. ஃபில்டரை மாற்றினான், குழாயைக் கழற்றிப் பூட்டினான். கடைசியில், "சார், உங்க மெஷினும் சென்ட்ரல் கவர்ன்மென்ட்தானா? சனி ஞாயிறு லீவ் எடுக்குது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால்தான் மூன்றாவது முறை அவனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான் ரமேஷ்.

ஜெகன் கதவைத் திறந்தான், டார்ச் அடித்தான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அரே! கம்பி மேல இருக்கு சார். யாரோ தூக்கி வெச்சிருக்காங்க."

"யாரோன்னா?"

"தானா ஏறாது சார். பெட்டி காலியா இருக்கே."

ரமேஷ் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுஷ்மாவைத் திரும்பிப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை காலைல பெட்டி நிறைய ஐஸ் இருந்துச்சு. இவ போனதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். சுரண்டி எடுக்கிறப்ப இவதான் இடிச்சிருப்பா." பிறகு அதையே இந்தியில் இன்னும் கடுமையாகச் சொன்னான்.

"நஹீ பையா." இல்லை அண்ணா என்று சுஷ்மா ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள். "பூவாஜியைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் கேட்கச் சொன்னது ஐஸை எடுக்கச் சொன்னேனா என்பதைத்தான். கம்பியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். வெளியாள் ஒருவன் கையில் டார்ச்சோடு நிற்கிறான். எங்கள் வீட்டுப் பிள்ளை குடிக்கிறான் என்று அவன் காதுபட நான் சொல்வதா?

"முஜே நஹீ மாலூம்" என்றேன். எனக்குத் தெரியாது.

சுஷ்மா என்னை மட்டும் பார்த்தாள். ஜெகனும் பார்த்தான் என்றே நினைக்கிறேன். "பெரிய டப்பா வெக்கும்போதும் இடிக்கும் சார், விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியை இறக்கினான். ரமேஷ் விடவில்லை. சுஷ்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். இளவரசி, "என்னங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். சுஷ்மா மீதிப் பாத்திரங்களையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். பால் கேனை எடுத்துப் போகவில்லை.

மூன்று நாட்கள் அந்தக் கேன் சிங்க் ஓரத்திலேயே இருந்தது. மெஷின் இரவும் பகலும் குறையில்லாமல் கொட்டியது. ஐஸ் இல்லாமல் போனால் மிகவும் கஷ்டப்படுகிறவள் சுஷ்மாதான். அவள் எதற்கு அந்த மெஷினைக் கெடுக்கப் போகிறாள்? இது ரமேஷுக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நிமிடமே தோன்றியது.

புதன்கிழமை சாயங்காலம் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் கேனில் நிரப்பினேன். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். "எங்க அத்தை, இந்த வெயில்ல?" என்றாள் இளவரசி. "சுஷ்மா வீட்டுக்கு" என்றேன். அவள் என்னையும் கேனையும் பார்த்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

கீழே பூங்கா பெஞ்சில் ஐந்தாம் மாடி பொன்னி, இன்னும் இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, எங்கள் டவரில் நடக்கும் சேதி எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகும்.

"என்ன தாயம்மாக்கா, கேன்ல கலகலங்குது?"

"ஐஸ்."

"ஐஸா! அந்த மெஷின ஒடச்சிட்டான்னுதானே உங்க சுஷ்மாவ நிறுத்துனீங்க? எங்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை, இவங்க சொன்னாங்க. ஒடைக்கிற கைய நான் எதுக்கு வீட்டுக்குள்ள விடணும்?" மற்ற இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள்.

கேனின் வெளிப்புறம் வியர்த்து, என் செருப்பின் மேல் சொட்டியது. அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"சுஷ்மா எதையும் ஒடைக்கல, பொன்னி. மெஷின் நல்லாத்தான் இருக்கு. வாரா வாரம் கம்பியத் தூக்கி வெச்சு அத நிறுத்துனது நான்."