மாத்தாள்

1.
இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவள் என் அண்ணன் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் பெண்ணின் அம்மாவுக்கு நாளை ஆபரேஷன். அந்தப் பெண்ணின் காலை ஷிஃப்டை இவள் பார்க்க முடியுமா? சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதில்லை. மில்லில் பாய்லர் வெடித்த அன்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு என் தாத்தாவின் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். தாத்தா பிழைத்தார். அப்பா பிறந்தது அதற்குப் பிறகுதான். செத்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. வீட்டில் 'மாத்தாள்' என்போம்.

(பஸ் ஓட்டும் என் அண்ணன் இந்த விதியால்தான் என் கல்யாணத்துக்கு, எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில், சீருடையோடு வந்து சேர்ந்தார்.)

அவள் கேட்டது இது: "மாத்திக்கலாமான்னு முதல்ல கேட்டது யாரு அத்தை? கொள்ளுத்தாத்தான்னா, நாம கேக்கத்தானே கூடாது? கேக்கறவங்களுக்குக் கொடுக்கலாம்ல?"

2.
கதை எழுதுகிறவள் நான். எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

'அன்று தாத்தாவுக்குக் காய்ச்சல் கொதிக்க' (காய்ச்சல் நான் போட்டது. காய்ச்சல்காரரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.)

'மாத்தாள் ஓடி வந்து, அண்ணே, சாயங்காலம் ஒரு பொண்ணைப் பார்க்கணும், காலை வேலையை எனக்குக் கொடுங்க என்று' (காதலை நுழைத்துவிட்டேன், பழக்கதோஷம். தவிர, அவரே கேட்டார் என்றால் எங்கள் கை சுத்தம்.)

'அன்று தாத்தாவுக்கு எழுந்திருக்கச் சோம்பலாக'

இதை முடிக்க முடியவில்லை. முடித்தால் அப்பா, அண்ணன், நான் எல்லோரும் ஒரு காலைத் தூக்கத்தின் வாரிசுகள்.

3.
அண்ணனுக்குப் போன் செய்தேன். தாத்தா அதைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். மில் சங்கு ஊதும்போது மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், எழுந்து நிற்பாராம். மரியாதையா, பயமா, அப்பாவுக்கும் தெரியாது.

பிறகு அண்ணன் சொன்னார்: "யாரு கேட்டா என்ன? நாளைக்கு அங்க மாத்தாளா நிக்கப் போறது எம் பொண்ணு."

இத்தனை நாள் எங்களைப் பிழைத்தவர்களாகவே நினைத்திருந்தேன். அந்த இன்னொரு இடத்திலும் எங்களில் ஒருத்தி நிற்க நேரும் என்று தோன்றியதே இல்லை.

அண்ணன் சொன்னதை அவளிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரில பாய்லர் எங்க வெடிக்கும்? மிஞ்சிப் போனா டாக்டர் வெடிப்பாரு" என்றாள். சிரித்து முடித்ததும், மாத்தாளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள்.

'அவருக்கு ஒரு மகள். அவளுக்கு ஒரு'

தெரியவில்லை.

4.
முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்று: போகிறாள், கால் வலிக்க வீடு திரும்புகிறாள். (அப்படியானால் இத்தனை வருடம் எதற்குப் பயந்தோம்?)

மற்றது: மறுக்கிறாள். மயக்கம் தெளிந்த ஒரு அம்மா, பக்கத்தில் மகளைத் தேடுகிறாள். (இதற்காகவா தாத்தா பிழைத்தார்?)

இப்போது அவள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். போன் அடிக்கிறது. அந்தப் பெண்தான். "என்ன சொல்லட்டும் அத்தை?"

என் கதைகளில் இந்த இடத்தை யோசிக்காமல் எழுதிவிடுவேன். தாத்தாவும் ஒருநாள் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னார். அதில்தான் நான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாததை உங்களிடம் கேட்கிறேன். கொஞ்ச நேரம் என் நாற்காலியில் உட்காருகிறீர்களா? அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். போன் இன்னும் அடிக்கிறது.