ஒரே பிரஷ்

"அப்ப தினமும் தண்ணி ஊத்திக் கழுவுனீங்க?"

"தினமும்தான் டாக்டர். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. புண்ணு சுத்தமா இருக்கணும்ல."

"சோப்பு?"

"போட்டேன்."

"பவுடர், சென்ட்டு?"

மாட்டு டாக்டர் சிரிக்காமல் கேட்டதால், அது கிண்டல் என்று அந்த வீட்டின் இளைய மருமகளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் பசுவின் முதுகில் காய்ந்திருந்த பொருக்கு ஒன்றைக் கையுறை போட்ட விரலால் மெல்ல நெம்பினார். அது ஒரு முடிக்கற்றையோடு கழன்று வந்தது. பெயின்ட் அடித்துவிட்டுக் கழுவாமல் போட்ட தூரிகையின் நுனிபோல் இருந்தது. அடியில் தோல் ஈரமாக, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பசு ஒருமுறை சிலிர்த்துவிட்டு மறுபடி சும்மா நின்றது.

இது ஒரு கிருமி என்றார் டாக்டர். தோலில் சத்தமில்லாமல் கிடக்கும், நனைந்தால் விழித்துக்கொள்ளும். மழை அதற்குக் கொண்டாட்டம். இத்தனை நாளும் அவள் கழுவியது, செடிக்குத் தண்ணீர் ஊற்றியதுபோலத்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஊசி போட வேண்டும், முடியை ஒட்ட வெட்ட வேண்டும், உரித்த பொருக்கை எரித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாடு நனையாமல் இருக்க வேண்டும்.

இருவரும் மேலே பார்த்தார்கள். தொழுவத்துக்குப் பின்னால், நாலு கம்பத்தின்மேல் ஒரு தகரத்தைப் போட்டு, கிழிசலுக்கு பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. ஓட்டைகளின் வழியே வானம் தெரிந்தது. புண்ணைக் கண்ட அன்றே பசுவை இங்கே கொண்டுவந்து கட்டச் சொன்னவர் பெரியவர், அவள் கணவனின் அண்ணன். இன்று சாயங்காலம் வண்டி வருகிறது. பசு சந்தைக்குப் போகும். இந்தத் தோலோடு போகிற மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தூரத்து நகரத்தில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில் சொன்னபோது, அண்ணன் ஒன்று செய்தால் யோசித்துத்தான் செய்வார் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

மழை தொடங்கிய வாரம் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பசு அது. வயிற்றில் கன்று இருந்தது. பெயர் வைக்க யாருக்கும் தோன்றாததால் எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் கட்டில், பீரோ, அவள் முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாமே அவளுக்கு முன்னால் வேறு யாருடையதாகவோ இருந்தவை. புதுசு மட்டும்தான் அவளுடையது.

டாக்டர் தொழுவத்துக்குள் இருக்கும் மாடுகளையும் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் நின்றிருந்த மூத்தவள், பெரியவரின் மனைவி, அதுவரை இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

"அதுங்களுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அந்தப் பக்கத்துக் காத்துகூட இந்தப் பக்கம் வராமப் பாத்துக்கறோம்."

"காத்து என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றபடி அவர் உள்ளே போனார்.

முதலில் நின்றது வெள்ளச்சி, மூத்தவள் வளர்த்தது. துவைத்த துணிகளோடு கொடியில் காயப்போட்டால் வித்தியாசம் தெரியாது, அப்படி ஒரு வெள்ளை. தனக்குத் தலை சீவ நேரமில்லாதவள் மாட்டுக்குச் சீவுகிறாள் என்று பெரியவர் பெருமையாகச் சலித்துக்கொள்வது வழக்கம். டாக்டர் வெள்ளச்சியின் முடியை எதிர்ப்பக்கமாகத் தடவிக்கொண்டே போனார். தோளுக்குப் பின்னால் கை நின்றது. பிறகு முதுகில் ஓரிடத்தில், இடுப்பில் ஓரிடத்தில். அங்கெல்லாம் முடி குட்டையாக, புதிதாக, மிருதுவாக முளைத்திருந்தது.

தூணில் உரசிக்கொண்டது என்றாள் மூத்தவள்.

"தூணு முதுகு மேல ஏறி உரசுச்சா? இது வந்து, ஆறி, முடியும் முளைச்சாச்சு. புதுசு இங்க வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்கும்மா."

ஆணியில் ஒரு பிரஷ் தொங்கியது. டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முட்களின் அடியில் வெள்ளை முடியும் உலர்ந்த செதிளும் அடைந்திருந்தன. எல்லா மாட்டுக்கும் இது ஒன்றுதானா என்று கேட்டார்.

"புதுசுக்குத் தேய்க்கல" என்ற மூத்தவள், பிரஷை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, "வந்த அன்னைக்கு மட்டும்" என்றாள்.

இளையவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. வேனிலிருந்து இறங்கிய பசு மழையில் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கே கட்டுவது என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல் அவள் கயிற்றைப் பிடித்து நின்றாள். மூத்தவள்தான் வந்து கயிற்றை வாங்கினாள். சாக்கால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கழுத்திலிருந்து வால்வரை நெடுநேரம் பிரஷால் தேய்த்துவிட்டாள். "வா, வா, இங்க யாரும் கடிக்க மாட்டோம்" என்று மாட்டிடம் சொன்னாள். அந்த வீட்டில் இளையவள் கேட்ட முதல் அன்பான பேச்சு அது. மாட்டுக்குச் சொன்னதில் பாதியை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பெரியவரிடம் தானே பேசவா என்று டாக்டர் கேட்டார். இளையவள் வேண்டாம் என்றாள். அவள் கூப்பிட்டு வந்த டாக்டர் அவளுக்காகத்தான் பேசுவார் என்று பெரியவர் சொல்லிவிடுவார். மாட்டு விஷயத்தில் அவர் ஒரே ஒருத்தர் பேச்சைத்தான் கேட்பார். டாக்டர் மூத்தவளைப் பார்த்தார். ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவும்போது, இது மனிதர்களுக்கும் ஒட்டும், யாருக்காவது கையில் புண் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றாள் மூத்தவள், சேலைமேல் போட்டிருந்த சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி. வேறெங்கோ கன்று போட முடியாமல் ஒரு மாடு கிடப்பதாகச் சொல்லிவிட்டு அவர் பைக்கைக் கிளப்பினார்.

மூத்தவள் பிரஷைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவரு அப்பவே கேட்டாரு, என்ன இது திட்டுத் திட்டான்னு. தூணுன்னு நான்தான் சொன்னேன். நம்ம தொழுவத்துல நோயே நுழைஞ்சதில்லன்னு போற இடமெல்லாம் சொல்லிட்டுத் திரியற மனுஷன்."

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு அது பின்பக்கமாக வரத் தொடங்கியது. பெரியவர் டிரைவருக்கு வழி சொன்னார்: வா, வா, இன்னும் கொஞ்சம் வா.

தகரத்தின் கீழே புதுசு காதைத் திருப்பியது.

இளையவள் கிட்டே போய், மூத்தவளின் சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக இரண்டு புண்கள், பொருக்குத் தட்டி. அவள் துணியை மறுபடி இறக்கி, மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

"அக்கா, வண்டி நிக்கறதுக்குள்ள நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க அக்கா."